உடற்பயிற்சி உடலியங்கியலில் மேற்படிப்பு: பட்டத்தின் பெயரா, ஆய்வுக்கூடமா?

பிசியோதெரபியில் இளநிலைப் பட்டம் பெற்று, இரண்டு ஆண்டுகள் மருத்துவமனையில் பணியாற்றிய ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஒன்றில் ‘உடற்பயிற்சி உடலியங்கியல்’ என்றும், இன்னொன்றில் ‘மனித இயக்க அறிவியல்’ என்றும், வேறொன்றில் ‘கினிசியாலஜி’ (உடல் அசைவு பற்றிய அறிவியல்) என்றும் மேற்படிப்புகள் இருக்கின்றன, இவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது, அங்கே உண்மையில் என்ன கற்றுத் தருகிறார்கள், முடித்தபின் என்ன வேலை கிடைக்கும்?

பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள் என்பதே என் முதல் பதில். நீங்கள் இரண்டு ஆண்டுகளோ ஐந்து ஆண்டுகளோ வாழப்போவது ஒரு பட்டத்துக்குள் அல்ல, ஓர் ஆய்வுக்கூடத்துக்குள். அந்தக் கூடத்தில் எதை அளக்கிறார்கள், எவ்வளவு கவனமாக அளக்கிறார்கள், அந்த அளவீட்டைக் கொண்டு எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறார்கள் என்ற மூன்றும்தான் உங்களை ஆளாக்கும்.

பெயர்கள் இப்படிச் சிதறிக் கிடப்பதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. அமெரிக்காவில் இத்துறைகளில் பெரும்பாலானவை உடற்கல்வி ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் துறைகளாகத்தான் தொடங்கின. சென்னையில் 1920இல் ஹாரி குரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை அறிந்தவர்களுக்கு அந்த மரபு புதிதல்ல. உடற்கல்வி என்பது ஆசிரியர் பயிற்சி மட்டும்தானா, தனக்கென்று கேள்விகளும் முறைகளும் கொண்ட அறிவுத்துறையா என்ற விவாதம் அமெரிக்காவில் 1960களில் சூடுபிடித்தது; அது அறிவுத்துறையே என்று வாதிட்டு கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த ஃபிராங்க்ளின் ஹென்றி 1964இல் எழுதிய கட்டுரை, அதன்பின் பல துறைகள் தங்கள் பெயரையே மாற்றிக்கொள்ள வழிவகுத்தது. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனக்குப் பிடித்த பெயரைச் சூட்டிக்கொண்டதால்தான் இன்று ஒரே பொருள் ஐந்தாறு பெயர்களில் கிடைக்கிறது. ஆனாலும் ஒரு பொதுப் போக்கைச் சொல்லலாம். உடற்பயிற்சி உடலியங்கியல் என்ற பெயருள்ள இடத்தில் இதயம், நுரையீரல், தசை, வளர்சிதை மாற்றம் ஆகியவை மையமாக இருக்கும். மனித இயக்க அறிவியல் என்ற பெயருள்ள இடத்தில் உடலில் செயல்படும் விசைகளை ஆராயும் உயிரி இயக்கவியலும், மூளையும் நரம்பும் இயக்கத்தைக் கட்டுப்படுத்தும் முறையும், மூட்டுக் காயங்களும் அதிக இடம் பிடிக்கும். ஆம்ஸ்டர்டாமின் விரிஜே பல்கலைக்கழகத்தில் உள்ள ஈராண்டு ஆய்வு முதுகலை இந்த இரண்டாவது வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு.

இத்துறையின் வேர் உடற்கல்வியில் மட்டும் இல்லை. தூய உடலியங்கியலிலும் இருக்கிறது. தசை வெளியிடும் வெப்பத்தை அளந்ததற்காக 1922ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பெற்ற ஏ.வி. ஹில், அடுத்த ஆண்டே முதுகில் காற்றுப் பையைக் கட்டிக்கொண்டு தாமே புல்தரையில் ஓடி, வேகம் கூடக்கூட ஆக்சிஜன் நுகர்வும் கூடி ஒரு கட்டத்தில் மேலே போக மறுப்பதைக் கண்டார். ஹார்வர்டில் 1927 முதல் 1947 வரை இயங்கிய ‘ஃபட்டீக் லேபரட்டரி’ (களைப்பு ஆய்வுக்கூடம்) வெப்பத்திலும் உயரமான மலைகளிலும் வேலை செய்யும் மனித உடலை ஆராய்ந்தது. அது மூடப்பட்டபின் அங்கே பயின்றவர்கள் பல பல்கலைக்கழகங்களுக்குப் பரவி ஆய்வுக்கூடங்களைக் கட்டினார்கள். கோபன்ஹேகனில் ஆகஸ்ட் குரோக்கும், ஸ்டாக்ஹோமில் பெர்-ஓலோஃப் ஆஸ்ட்ராண்டும் வளர்த்த ஸ்காண்டிநேவிய மரபு இதற்கு இணையான இன்னொரு வேர். 1960களில் யோனாஸ் பெரிஸ்ட்ரோம் தசையிலிருந்து ஊசிவழி சிறு துணுக்கு எடுக்கும் முறையை ஆய்வுக்குக் கொண்டுவந்தார். அதன்பின் ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் தசையில் எவ்வளவு கிளைக்கோஜன் (தசை சேமித்து வைக்கும் மாவுச்சத்து எரிபொருள்) இருக்கிறது என்பதை ஊகிக்க வேண்டியிருக்கவில்லை, அளக்கவே முடிந்தது. இந்த வரலாற்றை நான் இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. இத்துறை முன்னேறிய ஒவ்வொரு முறையும், அதற்கு முன் அளக்க முடியாத ஒன்றை யாரோ அளக்கும் வழியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

முதல் பருவத்தில் உங்கள் நேரத்தைப் பெரிதும் விழுங்கப்போகும் அளவீட்டையே எடுத்துக்கொள்வோம். ‘வி-ஓ-டூ மேக்ஸ்’ என்று கூடங்களில் சொல்லப்படும் அதிகபட்ச ஆக்சிஜன் நுகர்வு, ஒரு மனிதரின் உடல் நிமிடத்துக்கு எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்பதைக் காட்டுகிறது. அடால்ஃப் ஃபிக் 1870இல் சொன்ன உறவின்படி, இதயம் நிமிடத்துக்கு வெளியேற்றும் இரத்தத்தின் அளவை, தமனி இரத்தத்துக்கும் சிரை இரத்தத்துக்கும் உள்ள ஆக்சிஜன் வேறுபாட்டால் பெருக்கினால் கிடைப்பதே ஆக்சிஜன் நுகர்வு. ஆகவே இந்த ஓர் எண்ணுக்குள் நுரையீரல், இதயம், இரத்தம், தசை நான்கும் அடங்கியிருக்கின்றன. பயிற்சியற்ற இளைஞர் ஒருவருக்கு உடல் எடையின் ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு 40 மில்லிலிட்டர் என்ற அளவை ஒட்டியும், உலகத்தரமான நெடுந்தூர வீரர்களுக்கு 70க்கு மேலும் அது வரும்.

ட்ரெட்மில்லில் ஓடும் ஒருவர் முகமூடி வழியாக வெளியிடும் காற்றை இயந்திரம் உறிஞ்சி எண்ணாக்கித் தருவதைப் பார்த்தால் எளிய காரியம் போலத் தோன்றும். அந்த எண்ணை நம்பலாமா என்பதுதான் மேற்படிப்பு மாணவரின் வேலை. உள்ளே போகும் காற்றில் ஆக்சிஜன் 20.93 சதவீதம். கடுமையாக ஓடுபவர் வெளிவிடும் காற்றில் அது 16.93 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வேறுபாடு 4 சதவீதம். நிமிடத்துக்கு 90 லிட்டர் காற்று என்றால் ஆக்சிஜன் நுகர்வு தோராயமாக 3.6 லிட்டர். இப்போது ஆக்சிஜன் அளவி 0.1 சதவீதப் புள்ளி மட்டும் தவறிவிட்டால், விடையில் 90 மில்லிலிட்டர் பிசகும். மின்னசோட்டாவில் டெய்லரும் உடனிருந்தவர்களும் 1955இல் வகுத்த விதியின்படி, சுமையைக் கூட்டியும் ஆக்சிஜன் நுகர்வு நிமிடத்துக்கு 150 மில்லிலிட்டருக்கும் குறைவாகவே கூடினால் உச்சத்தைத் தொட்டுவிட்டதாகக் கொள்ளலாம். அந்த 150இல் பாதிக்கும் மேலான அளவை ஒரு சிறு பிசகே தின்றுவிடும் என்றால், ஒவ்வொரு காலையும் செறிவு தெரிந்த வாயுவைச் செலுத்தி அளவியைச் சரிபார்ப்பதும், 3 லிட்டர் சிரிஞ்சால் காற்றோட்டத்தைச் சரிபார்ப்பதும், அறையின் வெப்பநிலையையும் காற்றழுத்தத்தையும் குறிப்பதும் ஏன் சடங்கு அல்ல என்பது புரியும். நுரையீரலிலிருந்து வெளிவரும் ஈரமான, வெதுவெதுப்பான காற்றின் கன அளவை, 0 டிகிரியில் உள்ள உலர்ந்த காற்றின் கன அளவாக மாற்றும்போது, கடல் மட்டத்தில் ஏறத்தாழ 17 சதவீதம் சுருங்குகிறது. இதை மறந்தவரின் விடை ஏறத்தாழ 21 சதவீதம் வீங்கிவிடும்.

என் முதுகலையின் முதல் ஆண்டில், மாதிரிக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குழாய் தேய்ந்துபோயிருந்ததை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. 11 பேரின் சோதனைகளை முடித்த பிறகு, ஓய்வுநிலை எண்கள் வழக்கத்துக்கு மாறாக இருப்பதை என் நெறியாளர்தான் சுட்டிக்காட்டினார். அந்தப் பதினொன்றையும் தள்ளிவிட்டு மறுபடி தொடங்கச் சொன்னார். வியர்வை சொட்ட ஓடிய 11 பேரின் உழைப்பு வீணானதை நினைத்து அன்று எனக்கு மிகவும் வலித்தது. ஆனால், ‘கொஞ்சம்தானே மாறும்’ என்று அந்த எண்களை வைத்துக்கொள்ளச் சொல்லாத ஒருவரிடம் பயின்றது என் நற்பேறு என்று இன்றுவரை நம்புகிறேன்.

அளவீட்டுப் பிழை பெரிய கேள்விகளையும் தொடுகிறது. 1990களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் குளோட் புஷார் முன்னின்று நடத்திய ‘ஹெரிட்டேஜ்’ குடும்ப ஆய்வில், உட்கார்ந்தே வாழ்ந்த பல நூறு பேர் 20 வாரங்கள் ஒரே மாதிரியான பயிற்சியை மேற்கொண்டார்கள். அதிகபட்ச ஆக்சிஜன் நுகர்வு சராசரியாக நிமிடத்துக்கு ஏறத்தாழ 400 மில்லிலிட்டர் உயர்ந்தது; ஆனால் சிலருக்கு அநேகமாக ஒன்றும் உயரவில்லை, சிலருக்கு 1 லிட்டர் வரை உயர்ந்தது. பயிற்சிக்குப் பலனே காட்டாத உடல்களும் உண்டு என்ற முடிவு இதிலிருந்து பரவலாக எடுக்கப்பட்டது. அது உடலின் உண்மையான வேறுபாடா, ஒரே மனிதரை இரண்டு முறை அளந்தாலே வரக்கூடிய ஏற்ற இறக்கம் அதில் எவ்வளவு, பயிற்சியே செய்யாத ஒப்பீட்டுக் குழு இல்லாமல் இதை எப்படிப் பிரித்தறிவது என்ற விவாதம் பின்னர் எழுந்தது. குடும்பங்களுக்குள் ஒற்றுமை தெரிந்ததால் மரபணுக்களின் பங்கை மறுக்க முடியாது என்று நான் கருதுகிறேன். ஆனால் தனிமனிதர் ஒருவரை ‘பலன் காட்டாதவர்’ என்று முத்திரை குத்த ஒரு முன்சோதனையும் ஒரு பின்சோதனையும் போதாது. இப்படி வாதிடத் தெரிவதற்குப் புள்ளியியல் வேண்டும். பிசியோதெரபி படித்து வருபவர்களிடம் நான் காணும் மிகப் பெரிய குறையும் அதுதான்.

இயக்கத்தின் பக்கம் வந்தாலும் கதை இதுவே, கருவிகள் மட்டும் வேறு. உடலில் ஒட்டிய ஒளிமீட்டும் குமிழ்களைப் பல கேமராக்கள் பின்தொடர, தரையில் பதித்த விசைத்தகடு பாதம் அழுத்தும் விசையை அளக்க, இரண்டையும் இணைத்து முழங்காலில் எவ்வளவு திருப்புவிசை செயல்படுகிறது என்று கணக்கிடுகிறார்கள். குமிழ் ஒட்டியிருப்பது தோலில். நமக்கு வேண்டியதோ எலும்பின் அசைவு. ஓடும்போது தோல் எலும்பின்மேல் வழுக்குகிறது. ஆகவே திரையில் தெரியும் அழகான எலும்புக்கூடு ஒரு மதிப்பீடு மட்டுமே என்பதை மறக்காமல் இருப்பதுதான் இங்கே முதல் பாடம். கோட்பாட்டுத் தளத்தில் நீங்கள் சந்திக்கப்போகும் முதல் பெயர் நிகோலாய் பெர்ன்ஸ்டைன். 1920களில் மாஸ்கோவில் தொழிலாளர்கள் சுத்தியலால் அடிப்பதைப் படமெடுத்து ஆராய்ந்த அவர், தேர்ந்த தொழிலாளியின் சுத்தியல் முனை ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அதே இடத்தில் இறங்கினாலும், தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒவ்வொரு முறையும் சற்றே வேறு விதமாக இயங்குவதைக் கண்டார். தேவைக்கு மேல் இத்தனை மூட்டுகளும் தசைகளும் இருக்கையில் மூளை அவற்றை எப்படி ஆளுகிறது என்ற அவருடைய கேள்விக்கு இன்னும் முழு விடை இல்லை. பக்கவாதத்துக்குப்பின் கையைத் தூக்கக் கற்றுத்தரும் வேலையை இரண்டு ஆண்டுகள் செய்திருக்கும் உங்களுக்கு இந்தக் கேள்வி புத்தகக் கேள்வியாகத் தோன்றாது என்று நினைக்கிறேன். அப்படியானால் மனித இயக்க அறிவியலின் பக்கம் உங்களுக்குப் பொருந்தக்கூடும். மாறாக, சர்க்கரை நோயாளியின் தசை ஏன் கொழுப்பை எரிக்கத் தயங்குகிறது என்பது உங்களைத் துரத்தும் கேள்வி என்றால் உடலியங்கியலின் பக்கம் செல்லுங்கள். தெற்காசியர்களுக்கு ஐரோப்பியர்களைவிட இளம் வயதிலும் குறைந்த எடையிலும் சர்க்கரை நோய் வருவதில் உடல்திறனின் பங்கு என்ன என்பது இன்னும் உழைப்பு தேவைப்படும் களம்.

பாடங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. முதுகலைக்குப் பொதுவாக 30 முதல் 36 கிரெடிட் வரை இருக்கும். இருதய-சுவாச உடலியங்கியல், தசையின் உயிர்வேதியியல், ஆய்வு முறையியல், இரண்டு புள்ளியியல் தாள்கள் ஆகியவை அநேகமாக எங்கும் உண்டு. போவதற்கு முன்பே ‘ஆர்’ நிரல்மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள். இயக்கப் பக்கம் போவதானால் ‘மேட்லேப்’ அல்லது ‘பைத்தான்’ கூடுதலாக வேண்டும். மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வு எதுவும் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு ஒப்புதல் தராமல் தொடங்காது. அந்த விண்ணப்பத்தைத் தயாரிக்கவே வாரங்கள் ஆகும் என்பதால் ஈராண்டுக் கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆய்வேடு எழுதும் வழியா, எழுதாத வழியா என்று கேட்பார்கள். முனைவர் பட்டம் பற்றிய எண்ணம் மனத்தின் ஓரத்திலாவது இருந்தால் ஆய்வேட்டு வழியையே எடுங்கள். ஒரு கேள்வியை நீங்களே எழுப்பி, ஆட்களைத் திரட்டி, அளந்து, தவறி, திருத்தி, பேராசிரியர்கள் எதிரில் நின்று பதில் சொன்ன அனுபவம் வேறு எந்தத் தாளிலும் கிடைக்காது. சிறிய ஆய்வுகளை ஏளனமாகப் பார்க்கவும் வேண்டாம். 1966இல் டாலஸ் நகரில் பெங்ட் சால்டினும் குழுவினரும் 20 வயதுடைய ஐந்தே ஆண்களை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். அதிகபட்ச ஆக்சிஜன் நுகர்வு கால் பங்குக்கும் மேல் சரிந்தது. அதே ஐவரை 30 ஆண்டுகள் கழித்து அளந்தபோது, அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் 30 ஆண்டு முதுமை செய்ததைவிடப் பெரிது என்று தெரிந்தது. நோயாளியைச் சீக்கிரம் எழுப்பி நடக்கவைக்க வேண்டும் என்று நீங்கள் வார்டில் வற்புறுத்தியிருப்பீர்கள் அல்லவா, அதற்கு வலுவான ஆதாரங்களுள் ஒன்று அந்த ஐவர்தான். அதே நேரம் ஐவரும் இளம் ஆண்கள் என்பதையும் பாருங்கள். பெண்களையும் முதியவர்களையும் விட்டுவிட்டு எழுதப்பட்ட அறிவு இத்துறையில் மிக அதிகம். அந்தக் குறையைத் தீர்க்கும் ஆய்வுகளுக்கு இப்போதுதான் உரிய கவனம் கிடைத்துவருகிறது.

பண விஷயத்தில் நேராகச் சொல்கிறேன்: முனைவர் படிப்புக்குக் கல்விக் கட்டணத் தள்ளுபடியும் மாத உதவித்தொகையும் இல்லாமல் சேராதீர்கள். முதுகலைக்கு இவை எல்லாருக்கும் கிடைப்பதில்லை. கிடைத்தால் ‘அசிஸ்டன்ட்ஷிப்’ என்ற பெயரில், வாரத்துக்கு 20 மணி நேரம் இளநிலை மாணவர்களுக்கு ஆய்வக வகுப்பு எடுக்கும் அல்லது ஆய்வில் உதவும் வேலையாக வரும். மாணவர் விசாவில் பருவம் நடக்கும்போது வளாகத்தில் அதற்கு மேல் வேலை செய்யவும் முடியாது. வீட்டை அடகு வைத்து, ஆய்வேடு இல்லாத முதுகலைக்குப் போவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

கவனிக்கப்படாமல் போகும் இன்னொரு விவரம் உண்டு. அமெரிக்காவில் ஒவ்வொரு படிப்புக்கும் ஒரு வகைப்பாட்டு எண் இருக்கிறது. படிப்பு முடிந்தபின் 12 மாதம் துறைசார்ந்த வேலை செய்ய அனுமதி உண்டு; அறிவியல்-தொழில்நுட்பப் பட்டியலில் உள்ள படிப்புகளுக்கு மேலும் 24 மாதம் நீட்டிப்பு உண்டு. உயிரியல் வரிசையான 26இல் தொடங்கும் எண்ணில் உங்கள் படிப்பு பதிவாகியிருந்தால் அது அந்தப் பட்டியலில் வரும். பொழுதுபோக்கு, உடல்தகுதி ஆகியவற்றுக்கான 31 வரிசையில் பதிவாகியிருந்தால் தானாக வந்துவிடாது. ஒரே பாடத்திட்டத்தை இரண்டு பல்கலைக்கழகங்கள் இருவேறு எண்களில் பதிந்திருக்கக்கூடும். சேர்வதற்கு முன் துறை அலுவலகத்திடம் எண்ணை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விசா விதிகள் மாறக்கூடியவை என்பதால் அந்த நேரத்து விதியையும் சரிபாருங்கள்.

வேலையைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். இந்தப் பட்டம் உங்களுக்கு அமெரிக்காவில் பிசியோதெரபிஸ்டாகப் பணிசெய்யும் உரிமத்தைத் தராது. அது தனி வழி, தனித் தேர்வு. மருத்துவமனை சார்ந்து கிடைக்கும் முக்கியமான வேலை இருதய மறுவாழ்வு மையங்களில் இருக்கிறது. மாரடைப்போ இருதய அறுவையோ கண்டவர்களுக்கு மேற்பார்வையுடன் கூடிய பயிற்சி அமர்வுகள் பொதுவாக 36 வரை முதியோர் காப்பீடான ‘மெடிகேர்’ மூலம் கிடைக்கின்றன; அவற்றை நடத்துபவர்களில் பலர் உடற்பயிற்சி உடலியங்கியல் படித்தவர்கள். ஆனால் இத்தொழிலுக்கு மாநில உரிமம் தரும் சட்டம் லூசியானாவைத் தவிர வேறெங்கும் வேரூன்றவில்லை. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி போன்ற அமைப்புகளின் சான்றிதழையே நம்பியிருக்க வேண்டியுள்ளது. உரிமம் இல்லாத தொழிலில் ஊதியம் அடங்கியே இருக்கும். ஆஸ்திரேலியாவில் நிலைமை வேறு: அங்கே அங்கீகாரம் பெற்ற உடற்பயிற்சி உடலியங்கியலாளர் என்பது முறையான சுகாதாரத் தொழில், நீண்டகால நோயாளிகளுக்கு மருத்துவர் பரிந்துரைத்தால் அரசுக் காப்பீடும் ஒரு பகுதியை ஏற்கிறது. நோயாளிகளோடு வேலை செய்வதே உங்கள் விருப்பம் என்றால் அந்நாட்டையும் விசாரியுங்கள். ஆராய்ச்சியும் கற்பித்தலும்தான் விருப்பம் என்றால், முதுகலையை முனைவர் பட்டத்தின் முதல் படியாக எண்ணித் திட்டமிடுங்கள்.

விண்ணப்பக் கடைசி நாள்கள் பெரும்பாலும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வரும். ஆகவே ஜூன், ஜூலையிலேயே உங்களைத் தொந்தரவு செய்யும் கேள்வியை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். அதை ஆராயும் பத்துப் பேரின் அண்மைக் கட்டுரைகளைத் தேடி, முறையியல் பகுதியை முழுதாகப் படியுங்கள். செப்டம்பரில் அவர்களுக்குத் தனித்தனியே மின்னஞ்சல் எழுதுங்கள். ‘மதிப்பிற்குரிய ஐயா, உங்கள் ஆய்வில் எனக்கு மிகுந்த ஆர்வம் உண்டு’ என்று எல்லாருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பினால் திறக்கப்படாமலே போகும். அவருடைய எந்தக் கட்டுரை, அதில் எந்த அளவீடு, வார்டில் நீங்கள் கண்ட எந்த நோயாளி அந்த முடிவோடு பொருந்தவில்லை என்று ஆறேழு வரிகளில் சொல்லுங்கள்; வரும் ஆண்டில் புது மாணவரைச் சேர்க்கிறாரா, நிதி உண்டா என்று நேரடியாகக் கேளுங்கள். பதில் வந்தால், அந்தக் கூடத்தில் இப்போது இருக்கும் மாணவர் ஒருவரோடு பேச அனுமதி கேளுங்கள். அந்த மாணவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, கடைசியாக ஒரு சோதனையின் தரவை எப்போது தள்ளினீர்கள், ஏன் தள்ளினீர்கள் என்பது.